இனிமே யாரும் புடிக்க மாட்டாங்க

என்னை அந்தப் பிள்ளைகள் இல்லத்தில் வேலைக்கு எடுத்ததே என் கைகளைப் பார்த்துத்தான். மேட்ரனே பிற்பாடு ஒருநாள் சிரித்துக்கொண்டு அதைச் சொன்னார். பதினாறு வருடம் தேயிலைக் காட்டில் வேலை செய்தவள் நான். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நிரம்பிய பையை அவிழ்த்து மூட்டையாக்கி, சரிவில் இறங்கி, லோரி நிற்கும் பாதை வரை கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. இடுப்பு வலி வந்த பிறகுதான் காட்டை விட்டேன். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இல்லம் ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. எங்கள் சர்ச் சபைக்காரர்கள் நடத்தினார்கள். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரை பதினான்கு பெண் பிள்ளைகள். அப்பா அம்மா இல்லாதவர்கள் சிலர்தான். இருந்தும் அவர்களோடு இருக்க முடியாதவர்கள்தான் அதிகம். மேட்ரன் ஓய்வுபெற்ற நர்ஸ். அறுபது தாண்டியும் பிள்ளைகளின் தலையில் ஈர் பார்ப்பது முதல் காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வரை எல்லாம் அவரே செய்வார்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "இங்க ரோத்தான் கிடையாது. எந்தப் பிள்ளை மேலயும் யாரும் கை ஓங்கக் கூடாது. அது மட்டும் ஞாபகம் வச்சுக்கம்மா."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ரோத்தான் பிரம்பு தொங்கிக்கொண்டே இருக்கும். அது இல்லாத ஓர் இடத்தில் வேலை செய்கிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

அடிக்காத இடத்தில், ஒரு பிள்ளை வெறி வந்ததுபோல் கத்தி, கையில் கிடைத்ததை வீசி, பக்கத்தில் இருப்பவர்களைக் கடிக்கும்போது என்ன செய்வது? பிடித்து வைப்போம். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயரே 'புடிச்சு வைக்கிறது'தான். பிள்ளையைத் தரையில் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து, முட்டியால் லேசாக அழுத்திக்கொண்டு, அது அடங்கும்வரை அப்படியே இருப்பது. யாரும் எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த ஆண்ட்டி செய்தார், நான் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவளுக்கு நான் காட்டிக் கொடுத்தேன். இல்லத்தில் இதை என்னைப் போல் வேகமாகச் செய்ய ஆள் கிடையாது. எங்கே சத்தம் கேட்டாலும் மேட்ரன் என்னைத்தான் கூப்பிடுவார்.

அப்படி நான் அதிகம் பிடித்து வைத்தது ஒரே ஒரு பிள்ளையை. பெயர் சொல்லப் போவதில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

அவள் வந்தபோது பதினொரு வயது. கீழே தாப்பா பக்கத்திலிருந்து வெல்ஃபேர் அதிகாரி ஒருவர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். யாரோ பெரியவர்களுடைய பச்சை ஸ்வெட்டர் ஒன்றை முழங்கால் வரை போட்டிருந்தாள். அம்மா ஜோகூரில் வேலை என்றார்கள். கணக்கு நன்றாகப் போடுவாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜடை பின்னுவாள். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது, சாயங்காலம் குளிக்கிற நேரத்தில், ஒன்றுமே இல்லாததற்கு வெடித்துவிடுவாள். வாளி பறக்கும். ஒருமுறை என் முன்னங்கையைக் கடித்ததில் ரத்தம் வந்தது. நான் ஓடிப்போய் அவளைப் படுக்க வைப்பேன். சில நாள் பத்து நிமிடம், சில நாள் அரைமணி நேரம்கூட ஆகும்.

ஒரு சாயங்காலம் மழை பெய்துகொண்டிருந்தது. குளியலறைக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் அவளைப் பிடித்து வைத்திருந்தேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடங்கிவிட்டாள். உடம்பு தளர்ந்துவிட்டது. நல்லதுதான், பழகிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அப்போது கன்னம் தரையில் பதிந்திருக்க, சாதாரணக் குரலில், டீச்சரிடம் வெளியே போக அனுமதி கேட்பதுபோல் கேட்டாள்:

"முடிஞ்சிருச்சா ஆண்ட்டி? எந்திரிக்கலாமா?"

தரை ஈரமாக இருந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். மழை அவ்வளவு தூரம் உள்ளே வராது. பயத்தில் உடையோடு சிறுநீர் போயிருந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை. நான் எழுந்து துண்டு எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்வியை அவள் இதற்கு முன்னாலும் யாரிடமோ கேட்டிருக்கிறாள் என்று மட்டும் தோன்றியது. ஆனால் அடுத்த வாரமும் அவளைப் பிடித்து வைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று நான்கு மாதம் கழித்து ஈப்போவிலிருந்து ஒரு பெண் வர ஆரம்பித்தார். அடிபட்டு, பயந்து வளர்ந்த பிள்ளைகளோடு பேசிப் பழகுவதைப் படித்தவர். என்னைவிடச் சின்னவர். நாங்கள் மிஸ் என்று கூப்பிடுவோம். அவர் எங்களை அக்கா என்பார். மலைப்பாதை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்துப்போய்த்தான் காரிலிருந்து இறங்குவார். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேச்சு வரும்.

பிடித்து வைப்பதைப் பற்றி முதல் நாளே கேட்டார். மேட்ரன் சொன்னார், "நாங்க அடிக்கிறதில்ல மிஸ். பிள்ளைக்கு அடிபடக் கூடாதுன்னுதான் புடிக்கிறோம்."

"தெரியும் மேட்ரன். உங்க மனசு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையோட உடம்புக்கு அது தெரியுமான்னுதான் யோசிக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்ச நேரம் நீங்க படுக்கிறீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாயைக் கூட விரிக்காமல் ஹாலில் குப்புறப் படுத்தேன். சமையல் செய்யும் ஆண்ட்டி என் கைகளைப் பின்னால் பிடித்து, முட்டியை முதுகில் வைத்தார். பத்து மூச்சு எண்ணுங்கள் என்றார் மிஸ். நாலாவது மூச்சுக்கு மேல் எனக்கு எண்ண முடியவில்லை. பழைய ஞாபகம் எதுவும் வரவில்லை. எனக்கு அப்படி ஒன்றும் நடந்ததும் இல்லை. என் மேல் இருப்பவள் என் கூட்டுக்காரி, கேட்டால் உடனே எழுந்துவிடுவாள் என்று தெரியும். தெரிந்தும் மூக்கில் சிமெண்டு வாசம் ஏறியதும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "எந்திரிலா!" என்று கத்திவிட்டேன். எழுந்து உட்கார்ந்து அழுதேன். சமையல் ஆண்ட்டியும் பாவம், பயந்துபோய் அழுதார்.

மிஸ் எங்களுக்குப் பெரிய பாடம் எதுவும் நடத்தவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு முறை பிடித்து வைக்கும்போதும், அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். நாங்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்றே எழுதிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் வந்து அதைப் படித்துவிட்டு, "அதுக்கும் முந்தி?" என்றார். "அதுக்கும் கொஞ்சம் முந்தி?"

அப்படி முந்தி முந்திப் போய்த்தான் எனக்கு ஸ்வெட்டர் விஷயம் புரிந்தது. சுடுதண்ணீர் தீர்வதற்குள் பதினான்கு பிள்ளைகளையும் குளிப்பாட்ட வேண்டும். அவசரத்தில் பின்னாலிருந்து அவளுடைய ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் உருவி எடுப்போம். ஒரு நொடி அவள் முகம் மூடிக்கொள்ளும். கைகள் மேலே மாட்டிக்கொள்ளும். அந்த நொடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்றிலிருந்து அவளைக் கடைசியாகக் குளிக்கவிட்டோம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்றோம். ஸ்வெட்டரை அவளே கழற்றுவாள், அவளே மாட்டுவாள். இவ்வளவுதான் செய்தோம். வாரம் இரண்டு என்பது மாதம் இரண்டு ஆகிவிட்டது. இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க எத்தனை சாயங்காலம் அவளைத் தரையில் படுக்க வைத்தேன் என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

முழுவதும் நின்றுவிடவில்லை. ஒரு மத்தியானம் ஸ்கூலில் யாரோ ஏதோ சொன்னார்கள் என்று வந்து, சாப்பாட்டு அறையில் தட்டுகளை எடுத்து வீச ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளைச் சமையல் ஆண்ட்டி வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மேட்ரன் வாசலில் நின்று என்னிடம், "புடிம்மா, புடி! கண்ணாடி உடையப் போவுது!" என்று கத்தினார். நான் பிடிக்கவில்லை. மிஸ் சொல்லிக்கொடுத்தபடி கதவு வழியை மறைக்காமல், அவளைவிடத் தாழ்வாக, சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல முடியாது. கைகள் தாமாகவே எழுந்து எழுந்து வந்தன.

"நான் இங்கதான் இருக்கேன். உன்கிட்ட வர மாட்டேன். தொட மாட்டேன். நீ வெளிய போணும்னா போலாம்," என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

ஜன்னலில் இரண்டு கண்ணாடி போய்விட்டது. அவள் விரலில் ஒரு சின்ன வெட்டு. முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் துடைப்பம் எடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் வந்து முறம் பிடித்தாள். மேட்ரன் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பிள்ளைக்கு வெட்டுப்பட்டிருக்கு. இதுவா பாதுகாப்பு?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரும் "புடி" என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பின்கட்டில் உட்கார்ந்து நானும் அவளும் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். பிள்ளைகளாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிண்டாதீர்கள் என்று மிஸ் சொல்லியிருந்ததால் நான் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. காய் நார் உரித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். அம்மாவோடு இருந்த ஆளைப் பற்றி.

"அவரு அடிக்கிறப்ப முதுகுல முட்டி போடுவாரு. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு துணியத் தலைல போட்டுருவாரு. முடிஞ்சதும் எந்திரின்னு சொல்லுவாரு."

நான் கையிலிருந்த காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அவர விட கனம் ஆண்ட்டி," என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தைகளில் கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நான் இனிமே உன்னைப் புடிக்க மாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு தாங்காமல், "இந்த வீட்டுல இனிமே யாரும் புடிக்க மாட்டாங்க. நான் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் அந்த வார்த்தை நின்றது.

மே மாதப் பள்ளி விடுமுறையில் என் அப்பா இறந்துபோனார். எஸ்டேட்டில் அடக்கம் செய்தோம். மூன்று நாள் நான் இல்லத்தில் இல்லை. அந்த மூன்றாவது நாள், அவளுடைய அம்மா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நாள். காலையிலேயே தலை சீவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். பசியாறக்கூட உள்ளே வரவில்லையாம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போன் வந்தது, வரவில்லை என்று. அவள் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓட ஆரம்பித்தாள். வளைவில் காய்கறி லோரிகள் வரும் ரோடு அது.

அவளைத் துரத்திப் பிடித்தது, எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள், பிரசவத்துக்காக ஒரு வருடம் விடுப்பில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்த பெண். ரோட்டில் பிடித்தது சரி. அதை யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டுக்கு உள்ளே கொண்டுவந்த பிறகும் விடவில்லை. இல்லத்து வேன் ஓட்டுகிறவரும் கூடச் சேர்ந்துகொண்டார். குப்புறப் படுக்க வைத்தார்கள். அவள் திமிறியபோது வலது கை பின்னால் முறுகி, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்துவிட்டது. மேட்ரன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் சமையலறையில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"நீங்க காட்டிக் குடுத்த மாதிரிதான் ஆண்ட்டி புடிச்சேன். வேற மாதிரி எனக்குத் தெரியாது ஆண்ட்டி."

ஆமாம், நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன், இரண்டு வருடத்துக்கு முன்னால். மிஸ் வந்த நாட்களில் அவள் விடுப்பில் இருந்தாள். நாங்கள் மாறியதை யாரும் அவளிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேட்ரன் அதை மூடி மறைக்கவில்லை. சபைக் கமிட்டியில் ஒருவர், கீழே விழுந்து அடிபட்டதாகச் சொல்லிவிடலாம் என்று போனில் சொன்னது எனக்குக் கேட்டது. "பிள்ளை விழல ஐயா. நாங்கதான் ஒடைச்சோம். நானே வெல்ஃபேருக்குப் போன் பண்றேன்," என்றார் மேட்ரன். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் நான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். கையைக் கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் உரித்து எடுத்துப் போயிருந்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நீங்க சொன்னீங்க," என்றாள்.

"ஆமாம்மா."

"யாரும் புடிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னேன். எல்லாருக்கும் சேத்து நான் சொல்லியிருக்கக் கூடாது. என் தப்புதான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கை கட்டோடு திரும்புவது கஷ்டம். மெதுவாக, சிரமப்பட்டுத் திரும்பினாள். நான் உதவவும் முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் இல்லத்துக்குத் திரும்பி வரவில்லை. கீழே வேறோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவளுடைய துணிமணிகளை நான்தான் மடித்துப் பையில் வைத்தேன். கடிதம் எழுதலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டேன். "அது உங்க ஆறுதலுக்கா, அவளுக்கா அக்கா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்து, எழுதவில்லை.

இல்லத்தில் விதி மாறியது. தரையில் படுக்க வைக்கக் கூடாது, முதுகில் எதையும் வைக்கக் கூடாது என்று மேட்ரன் தன் கையாலேயே எழுதி ஆபீஸ் அறையில் ஒட்டினார். ரோட்டுக்கு ஓடும் பிள்ளையைப் பிடிக்கலாம், ஆபத்து தாண்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் என்னோடுதான் இருப்பார்கள். கை முறிந்ததையும் சொல்லிவிடுவேன், பிடித்தவளுக்குக் காட்டிக்கொடுத்தது நான் என்பதையும் சொல்லுவேன். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவைப் பார்த்தாற்போல் ஒரு மூலையில் பலகை போட்டுக் கூரை அடித்தோம். மனசு சரியில்லாத பிள்ளை கேட்காமலே அங்கே போய் உட்காரலாம். இப்போது அந்த வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடித்து வைத்து வருடக்கணக்காகிறது. வேறு இல்லங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். அப்போதெல்லாம் நான் தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விடுவேன்.

போன டிசம்பரில் கியா பார்ம் சந்தைக்குப் போயிருந்தேன், கிறிஸ்துமஸ் சமையலுக்குக் காய்கறி வாங்க. விடுமுறைக் கூட்டம். ஸ்ட்ராபெரி விற்கும் கடை ஒன்றில் பெண்கள் ஏழெட்டுப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னையே பார்த்தாள். முன்பல்லைச் சரிசெய்திருந்தாள். ஆனாலும் தெரிந்துவிட்டது. இருபது வயது இருக்கும். அவளாகத்தான் என் பக்கம் வந்தாள்.

"ஆண்ட்டி, நல்லா இருக்கீங்களா?"

ஈப்போ பக்கம் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை என்றாள். கூட வேலை செய்கிறவர்களோடு வேன் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மேட்ரன் காலமானதைச் சொன்னேன். "ஐயோ" என்றாள்.

"இப்பவும் புடிக்கிறாங்களா ஆண்ட்டி?"

"இல்லம்மா. யாரையும் புடிக்கிறதில்ல."

"எப்பருந்து?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "நீ போனதுலேருந்து," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப எனக்கு அப்பறந்தான்."

சந்தைச் சத்தத்துக்கு நடுவில் மறுபடியும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவளே பேசினாள்.

"நீங்கதான் மொதல்ல நிறுத்துனீங்க. எனக்கு அது தெரியும். ஆனா அதுக்கு முந்தி உள்ளதும் ஞாபகம் இருக்கு. ரெண்டும் இருக்கு ஆண்ட்டி. ஒன்ன வச்சு ஒன்ன அழிக்க முடியல."

"அழிக்க வேணாம்மா," என்றேன்.

வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள். "வரேன் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் விலகி விலகி, யார் மேலும் படாமல் நடந்து போனாள். ஏறும்போது ஒருத்தி, "யாருடி அது, சொந்தக்காரங்களா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"இல்ல. தெரிஞ்சவங்க," என்றாள்.

வேன் பிரிஞ்சாங் பக்கம் இறங்கிப் போயிற்று. காய்கறிக் கடைக்காரர் எத்தனை கிலோ வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டபிறகுதான் நான் திரும்பினேன்.